நான்கெல்லைக்குள் ஒரு வீடு

சேலம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை விரித்துப் படிப்பவருக்கு வீடு உடனே அகப்படாது. முதலில் அண்டை அயல்தான் வரும். கிழக்கே இன்னாருடைய ஓட்டு வீடு, மேற்கே தென்வடலாகப் போகும் தெரு, வடக்கே இன்னாருடைய காலி மனை, தெற்கே கோயிலுக்குப் போகும் சந்து என்று செக்குபந்தி சொல்லி, 'இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட' என்று எழுதிய பிறகுதான் பத்திர எழுத்தர் வீட்டுக்குள் நுழைவார். எத்தனை அங்கணம், ஓடா கூரையா, கதவு நிலவு உண்டா என்பதெல்லாம் அதற்கும் பின்னால். கடைசியில் பாத்தியங்கள் வரும்: சேந்து கிணற்றில் சரிபாதி, பொதுச்சுவரில் பாதி, மாமூல் வழிநடை, தாழ்வாரத்துத் தண்ணீர் அடுத்த மனையில் விழும் உரிமை.

இன்று அதே வீட்டை விற்கப் போனால் பேச்சு வேறு மாதிரி தொடங்குகிறது. ரோடு எத்தனை அடி, மனை எத்தனை சதுர அடி, வழிகாட்டி மதிப்பு என்ன? 'கட்டடத்துக்கு விலை கிடையாதுங்க, இடத்துக்குத்தான்' என்று தரகர் சொல்லிவிடுவார். தேக்கு நிலையும் சுண்ணாம்புச் சுவரும் தொட்டிக்கட்டு முற்றமுமாக மூன்று தலைமுறை குடியிருந்த வீடு ஒரே வாக்கியத்தில் இல்லாமல் போய்விடும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டின் மதிப்பு என்றுமே தெருவோடு பிணைந்துதான் இருந்தது. அதில் அன்றும் இன்றும் வேறுபாடில்லை. தெருவில் எதை மதிப்பென்று எண்ணினார்கள் என்பதுதான் காலந்தோறும் மாறியது. தறிக்கு ஏற்ற நீளம் ஒரு காலத்தில், குழாய்த் தண்ணீர் ஒரு காலத்தில், வாடகை ஒரு காலத்தில், சதுர அடி இப்போது. இந்த மாற்றத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பழைய வீட்டைப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

பேட்டைகளின் ஊர்

வடக்கே நகரமலை, அதற்கு அப்பால் சேர்வராயன் மலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இந்த மலைகளுக்கு நடுவே, திருமணிமுத்தாற்றின் ஓரமாகப் பல குடியிருப்புகள் தனித்தனியே வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் சேலம். கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, கிச்சிப்பாளையம், அரிசிப்பாளையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொழில், தனிச் சந்தை, தனி மாரியம்மன். செவ்வாய்ப்பேட்டைக்குப் பெயர் வந்ததே செவ்வாய்க்கிழமைச் சந்தையால் என்பார்கள். கோட்டை மாரியம்மனை எட்டுப் பேட்டைகளுக்கும் தலைவி என்று இன்றும் ஆடி மாதத்தில் கொண்டாடுகிறார்கள். நகரத்தைப் பேட்டைகளின் கூட்டாகப் பார்க்கும் பழைய கணக்கு அந்த வழக்கில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே 'வீடு எங்கே?' என்று கேட்டால் பேட்டையின் பெயர்தான் முதல் பதில். பேட்டை தெரிந்தால் தொழில் தெரியும். தொழில் தெரிந்தால் வீட்டின் உள்ளமைப்பு ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இருந்த நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்கட்டில் குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் கால்களை இறக்கி, மிதிபலகையை மிதித்தபடி நெய்வார்கள். தரையின் ஈரப்பதம் நூலை அறுபடாமல் காத்தது. சிமெண்டுத் தளத்தைவிட மண் தரை இந்த வேலைக்கு உகந்தது. தறிக்கு அருகே ராட்டை, தார் சுற்றும் பெண்கள், வெளிச்சத்துக்குத் தெருப்பக்கச் சன்னல். தூங்கவும் சமைக்கவும் மிஞ்சிய இடம் பின்கட்டு; அதற்கும் பின்னால் பொடக்காளி.

இத்தனையும் வீட்டுக்குள் நடந்தாலும் நெசவின் ஒரு பெரிய வேலை வீட்டுக்குள் அடங்காது. பாவு நூலைப் பல பத்து அடி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் வாரி, காயவைக்க வேண்டும். அதற்குத் தெருதான் இடம். விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், தெருவின் நடுவில் முளைகள் நட்டுப் பாவு நீளும். அண்டை வீட்டார் கை கொடுக்காமல் அது நடக்காது. எனவே வளைவில்லாத நேர்த்தெரு, வண்டி குறைவாக வரும் தெரு, மரநிழல் இருந்தும் காற்றோட்டம் குறையாத தெரு நெசவாளருக்குப் பொன்னானது. எவ்வளவு நல்ல வீடானாலும் குறுகிய வளைசந்தில் இருந்தால் அவருக்கு அது பாதி வீடுதான். மறுபாதி தெருவில் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் இதே பிணைப்பு வேறு உருவத்தில் இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கிறது. வெள்ளிக் கொலுசு ஒரே வீட்டில் பிறப்பதில்லை. ஒரு பட்டறையில் உருக்குவார்கள். இன்னொன்றில் கம்பி இழுப்பார்கள். வேறொன்றில் கண்ணி கோத்துப் பற்றவைப்பார்கள். மெருகு ஏற்றுவது மற்றொரு வீட்டில். வேலை கைமாறிக் கைமாறிச் சந்து சந்தாகப் போகும். அப்படிப்பட்ட தெருவில் ஒற்றை அறை வீடும் தொழிற்கூடம். அதே வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போய் ஒரு புதுநகரில் வைத்தால் வெறும் ஒற்றை அறை.

வாசலுக்கு வரி

வீட்டை மதிப்பிடும் வேலையை அரசு எப்போது தொடங்கியது? வரி வாங்கத் தொடங்கிய நாளிலிருந்தே. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறையும் செக்கிறையும் தட்டார்ப் பாட்டமும் வருகின்றன. விஜயநகரக் காலத்தில் வாசல்பணம் வருகிறது. வாசலை எண்ணி வரி போடுவது எளிய முறை. வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் நடந்துபோனால் போதும்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை நிர்ணயித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இந்தச் சமவெளிதான் பயிற்சிக் களம். நிலத்துக்கு இப்படி அளவுகோல் பிடித்தார்கள். வீட்டுக்கும் தறிக்கும் கடைக்கும் மோதர்பா என்ற பெயரில் தனி வரி தொடர்ந்தது. மோதர்பாவின் கண்ணுக்கு வீட்டின் சுவர் முக்கியமில்லை. உள்ளே எத்தனை தறி ஓடுகிறது என்பதே முக்கியம். நெசவாளரின் வீடு அவருடைய கைத்தொழிலின் அளவால் மதிப்பிடப்பட்டது. அந்த வரி 1860-களின் தொடக்கத்தில் ஒழிந்தது.

1866-ல் சேலம் நகராட்சி பிறந்தது. அதோடு மதிப்பீட்டின் மொழி மாறியது. நகராட்சிச் சட்டங்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும்? 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதைத் தெளிவாக வகுத்தது. கிடைக்கக்கூடிய ஆண்டு வாடகையில் பழுதுபார்ப்புக்காகப் பத்து விழுக்காடு கழித்து, மிஞ்சுவதே ஆண்டு மதிப்பு. சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஏது? பக்கத்து வீடு என்ன வாடகைக்குப் போகிறதோ அதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். வாசலை எண்ணிய அரசு இப்போது தெருவின் வாடகையை எண்ணத் தொடங்கியது.

வாடகையை உயர்த்தியவை இரண்டு: இருப்புப்பாதை, தண்ணீர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்தில் சேலத்தைத் தொட்டது. ஆனால் சந்திப்பு நிலையம் அமைந்தது பழைய ஊரிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. மேற்கே சூரமங்கலத்தில். கோட்டையையும் பேட்டைகளையும் மையமாகக் கொண்டிருந்த ஊர் மேற்கே பார்க்கத் தொடங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகளோ வடக்கே அஸ்தம்பட்டியில், பெரிய தோட்டங்களுக்கு நடுவே பங்களா கட்டிக்கொண்டார்கள். பேட்டை வீடு தெருவை ஒட்டி நின்றது. பங்களா தெருவிலிருந்து விலகி நின்றது. கௌரவம் என்பது தெருவில் இருப்பதா, தெருவைவிட்டுத் தள்ளி இருப்பதா என்ற கேள்வியில் நகரம் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் எழுந்த ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி போன்ற பகுதிகள் பங்களாவின் வழியைப் பின்பற்றின: சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, திண்ணை கிடையாது.

தண்ணீரின் கதை தனி. 1911-ல் சேலத்தின் குடிநீருக்காகப் பனமரத்துப்பட்டி ஏரி அமைந்தது. அதுவரை வீட்டுக்கு மதிப்புத் தந்த சேந்து கிணறு மெல்ல இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. குழாய் வந்த தெரு, வராத தெரு என்று புதிய தரப் பிரிவு உண்டானது. 1917 முதல் 1919 வரை சி. ராஜகோபாலாச்சாரியார் நகராட்சித் தலைவராக இருந்த காலத்து நகரமும் இதுதான். 1901-ல் 70,621 பேர் வாழ்ந்த ஊர் அது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 8,29,267 பேர்.

திண்ணையின் கணக்கு

எந்த வரிப் பதிவேட்டிலும் ஏறாத மதிப்பு ஒன்று உண்டு. ஆடி மாதம் குகைக்குப் போனால் அது தெரியும். மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாவில் நூறாண்டுக்கு மேலாக வண்டி வேடிக்கை நடக்கிறது. அலங்கரித்த வண்டிகளில் சிவனாகவும் முருகனாகவும் அம்மனாகவும் வேடமிட்டவர்கள் தெருத் தெருவாக வருவார்கள். அன்று அந்தப் பாதையில் வீடுள்ளவர் சுற்றத்தாருக்கெல்லாம் விருந்தோம்ப வேண்டியவர். மகள், மருமகன், சம்பந்தி, சின்னம்மா வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் திண்ணையிலும் மெத்தையிலும் இடம் பிடிப்பார்கள். 'சாமி வர்ற தெருவுல வீடு' என்பது பெண் கொடுக்கும்போதுகூடச் சொல்லப்பட்ட தகுதி.

திண்ணை அந்த வீட்டின் சொத்தா, தெருவின் சொத்தா? பத்திரத்தில் வீட்டுக்காரருடையது, புழக்கத்தில் எல்லாருடையதும். வழிப்போக்கர் படுத்தார், நூல் வியாபாரி கணக்குப் பார்த்தார், பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். ஒரே உயரத்தில் வரிசையாக ஓடிய திண்ணைகள்தான் தெருவுக்கு முகம் கொடுத்தன. ஒரு வீடு தன் திண்ணையை இடித்துக் கடைக்கதவு போட்டால் அந்த வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி. நாலைந்து வீடு அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் திண்ணையில் உட்கார ஆள் வராது.

இந்த இடத்தில் கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 'நல்ல தெரு' என்ற சொல்லுக்குள் சாதி இருந்தது. அக்ரகாரம், தொழில்வழிச் சாதித் தெருக்கள், ஊருக்கு வெளியே சேரி என்ற அடுக்கில் வீட்டின் மதிப்பு கட்டுமானத்தைப் பார்த்து மட்டும் வந்ததில்லை. சேரியில் ஒருவர் எவ்வளவு செலவழித்துக் கல்வீடு கட்டினாலும் தெரு அதன் விலையைக் கீழே இழுத்தது. யார் வாங்கலாம், யாருக்கு வாடகைக்கு விடலாம் என்ற எழுதாத சட்டம் விலையை நிர்ணயித்தது. அமெரிக்காவில் 1933-ல் தொடங்கிய வீட்டுக்கடன் கழகம் நகரப் பகுதிகளை நான்கு தரமாகப் பிரித்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்களைச் சிவப்பு வண்ணத்தில் குறித்தது. கடன் மறுக்கப்பட்டு, நன்றாக இருந்த வீடுகளும் அந்தச் சிவப்பு மையில் மதிப்பிழந்தன. நம் ஊரில் வரைபடம் தேவைப்படவில்லை. தெருவின் பெயரே போதுமாக இருந்தது. 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கத் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. பழைய தெருவை நேசிப்பவர்கள் இந்த மாற்றத்தை முதலில் வரவேற்க வேண்டியவர்கள். திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் திண்ணையின் வரலாறு முழுமையாகும்.

தேயும் வீடு, ஏறும் தெரு

சுதந்திரத்துக்குப் பிறகு மதிப்பீடு இன்னும் நுட்பமானது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகைக்கு ஒரு சூத்திரம் தந்தது. மனையின் சந்தை விலை, கட்டுமானச் செலவு, வசதிகள் ஆகியவற்றைக் கூட்டி, குடியிருப்புக்கு அதில் 9 விழுக்காடு, குடியிருப்பல்லாத கட்டடத்துக்கு 12 விழுக்காடு. கட்டுமானச் செலவில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழியும். ஒரே தாளில் இரண்டு வரிகள்: வீடு ஆண்டுக்காண்டு தேய்கிறது, மனை ஆண்டுக்காண்டு ஏறுகிறது. வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் நீதிமன்றங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு, பழைய வீடென்றால் தேய்ந்த பொருள் என்ற எண்ணம் ஊரில் ஊறிவிட்டது. சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் ஒழுங்காகப் பராமரித்தால் நூறாண்டு தாண்டி நிற்கும் என்பது அந்தக் கணக்கில் ஏறவேயில்லை.

1967-ல் தமிழ்நாட்டில் இந்திய முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவு சேர்ந்தது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதைத் தடுப்பதே நோக்கம். அதன் வழியாக வளர்ந்ததுதான் வழிகாட்டி மதிப்பு. நகரங்களில் அது தெருவாரியாக நிர்ணயிக்கப்படுகிறது. தெருவின் பெயரைத் தட்டினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வந்துவிடும். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் அந்த மதிப்பு ஒரே வீச்சில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2024 ஜூலையில் திருத்திய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. இதற்கிடையே எந்த வீட்டிலும் ஒரு ஓடுகூட நகரவில்லை.

2022-ல் சொத்து வரி உயர்ந்தபோது அளவுகோல் பரப்பளவானது. சென்னை தவிர்த்த பிற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்வு. சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைகள் வெளியூர் போய்விட, முதிய தம்பதி இருவர் மட்டும் குடியிருக்கும் தொட்டிக்கட்டு வீடும் பெரிய வீட்டுக் கணக்கில்தான் வரும். முற்றம் வருமானம் தராது. வரிக்கு மட்டும் இடம் தரும்.

தெருவின் விலை ஏற ஏற வீடு இடத்தைக் காலி செய்கிறது. சேலத்தின் முதல் அக்ரகாரம், இரண்டாவது அக்ரகாரம் என்ற பெயர்களில் இன்று வணிகத் தெருக்கள்தான் இருக்கின்றன. குடியிருப்பாக இருந்தபோது தெருவுக்குக் கிடைத்த மதிப்பே கடைகளை அழைத்து வந்தது. நெசவுத் தெருக்களில் வேறு கதை. 1934-ல் மேட்டூர் அணையும் 1937-ல் அதன் நீர்மின் நிலையமும் வந்த பிறகு மின்சாரம் இந்தச் சமவெளியில் பரவியது. காலப்போக்கில் விசைத்தறி வந்தது. சைசிங் ஆலையிலிருந்து கஞ்சி போட்ட பாவு நேரே உருளையில் வந்துசேர, தெருவில் பாவு நீட்ட வேண்டிய தேவை போயிற்று. இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிகள் கொட்டகைக்குள் போயின. நெசவாளர் வீட்டின் தெருப்பாதி அத்தோடு அறுந்தது. மிஞ்சியது சத்தம் மட்டும்.

நாமக்கல்லில் பழைய ஊர் மலைக்கோட்டையின் அடிவாரத்திலும் கமலாலயக் குளத்தைச் சுற்றியும் அமைந்தது. நரசிம்மர் கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவுதான் வீட்டின் தகுதி. பிறகு லாரித் தொழில் வந்தது. பாடி கட்டும் பட்டறைகள் நெடுஞ்சாலையோரம் வரிசை கட்டின. லாரி நுழைய முடியாத தெருவைவிட்டுப் பணம் வெளியே நகர்ந்தது. 1997-ல் தனி மாவட்டம், 2013-ல் சேலம் - கரூர் ரயில் பாதை, 2024-ல் மாநகராட்சி, அதே ஆண்டில் ஊருக்கு வெளியே முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம். ஒவ்வொன்றும் ஊரின் நடுப்புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. ஆனாலும் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகவும் நூலகமாகவும் நிற்கிறது. அதை எந்தத் தரகரும் சதுர அடியில் பேசமாட்டார். பெரிய மனிதர் ஒருவர் வாழ்ந்தால்தான் வீட்டுக்கு இந்தக் காப்பு என்பதுதான் வருத்தம்.

படி இறங்கும் வீடுகள்

பழைய வீட்டைத் தெருவோடு வைத்து அளக்க மிக எளிய அளவுகோல் வாசற்படி. அந்தக் காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி ஏற வேண்டும். இன்று பல பழைய தெருக்களில் வீட்டுக்குள் படி இறங்குகிறார்கள். வீடு புதையவில்லை, சாலை உயர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒவ்வொரு முறையும் சில அங்குலம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் நடையைத் தாண்டி ஆசாரத்துக்குள் வருகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்து உதிர்கிறது. பிறகு 'பழைய வீடு, தாங்காது' என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். குற்றம் தெருவுடையது, தண்டனை வீட்டுக்கு. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியது இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த ஒரு நடைமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே நூற்றுக்கணக்கான வீடுகளின் ஆயுள் நீளும்.

பெரிய கட்டுமானங்கள் இன்னும் வேகமாகத் தெருவை மாற்றுகின்றன. 2020 ஜூனில் திறந்த சேலத்து ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 7.87 கி.மீ. நீளம், 441 கோடி ரூபாய்ச் செலவு. நகரத்துக்கு அது தேவைப்பட்டது, நெரிசலும் குறைந்தது. ஆனால் பாலத்தின் நிழலில் சிக்கிய முகப்புகளுக்கு வாசல் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது.

இதற்கு மாற்றுவழி இல்லையா? 1914, 1915-ல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், தெருவை நேராக்குவதற்காக வீடுகளை வரிசையாக இடிக்கும் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். பாழடைந்ததை மட்டும் எடுத்து, நல்லதை விட்டு, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் பண்ணினால் போதும், செலவும் பன்மடங்கு குறையும் என்று தஞ்சாவூரை வைத்துக் கணக்கே போட்டுக் காட்டினார்.

புதுச்சேரி அதைச் செய்து காட்டியது. வைசியாள் வீதி என்று அழைக்கப்படும் கால்வே சுப்பராய செட்டி வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் சுமார் இருபது வீடுகளின் முகப்பைச் சீரமைத்தன. ஒரு வீட்டை மட்டும் பளபளப்பாக்காமல் வரிசையையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம், அதற்கு மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்று தெரு முழுவதும் ஒரே மூச்சில் உயிர்பெற்றது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் தங்கள் வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்பது விருதைவிடப் பெரியது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தொழில் போய், அண்டை வீடுகள் போய், மூன்று பக்கமும் அடுக்குமாடி எழுந்து, காற்றும் வெளிச்சமும் இழந்து நிற்கும் தனி வீட்டை அதன் உரிமையாளர் இடித்துக் கட்டினால் அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. அங்கே தெரு முன்பே போய்விட்டது. ஆனால் செவ்வாய்ப்பேட்டையின் பட்டறைச் சந்துகளிலும், குகையில் வண்டி வேடிக்கை வரும் பாதையிலும், அம்மாப்பேட்டையில் இன்னும் தறிச்சத்தம் கேட்கும் வரிசைகளிலும் தெரு இருக்கிறது. அந்த இடங்களில் ஒரு வீட்டை எடுத்தால் பக்கத்து வீட்டின் மதிப்பிலும் ஒரு பகுதி போகிறது. பொதுச்சுவரில் பாதி, கிணற்றில் பாதி என்று பழைய பத்திர எழுத்தர் எழுதி வைத்ததன் பொருள் அதுதான்.

தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் மட்டும் பயன்படாமல், உழைத்து வாழ்ந்தவர்களின் தெருக்களுக்கும் அது பயன்பட வேண்டும். சேலம் மாநகராட்சியின் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களிலும் எந்தெந்தத் தெருவில் பழைய வரிசை இன்னும் முழுசாக இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு கோடைகாலம் போதும். கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தாலே செய்துவிடலாம். அந்தத் தெருக்களில் சாலை போடும்போது படியின் உயரத்தைக் காப்பது, வரியில் சிறு சலுகை தருவது, பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனாரையும் ஓடு மாற்றுபவரையும் அறிமுகப்படுத்துவது என்று மாநகராட்சி தொடங்கலாம்.

பழைய வீடு ஒன்றை வாங்கவோ விற்கவோ இடிக்கவோ நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவு நாடாவை எடுப்பதற்கு முன், அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலையில் ஒரு முறையும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறையும் நடந்து பாருங்கள். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வேலை போகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விசாரியுங்கள். பிறகு பத்திரத்தை எடுத்து நான்கெல்லையை வாசியுங்கள். விலையை அதற்கு அப்புறம் பேசலாம்.